எது அசல் சாப்பாடு?

சென்ற வருடம் இரண்டாம் தவணையில் ஒரு நாள், இடைவேளை நேரம். எங்கள் வகுப்பில் சாப்பாட்டுப் பேச்சு ஆரம்பித்தது. முதல் நாள் இரவு ஒரு தோழியின் வீட்டில் 'சைனீஸ்' வாங்கியிருக்கிறார்கள். ப்ரைட் ரைஸ், டெவல் சிக்கன், சில்லி பேஸ்ட் என்று அவள் ஒவ்வொன்றாக வர்ணித்துக்கொண்டிருந்தாள். எனக்கு எங்கிருந்துதான் அந்தத் திமிர் வந்ததோ தெரியவில்லை. "அது உண்மையான சைனீஸ் இல்லை. சீனாக்காரன் பார்த்தால் சிரிப்பான்" என்றேன். அந்த வாரம்தான் சீனச் சமையல் பற்றிய ஒரு காணொளியைப் பார்த்திருந்தேன். அறிவாளி என்று காட்டிக்கொள்ள அதற்கு மேல் என்ன வேண்டும்?

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த மற்றொரு தோழி மட்டும் சிரிக்கவில்லை. பாதி சாப்பிட்ட பெட்டியை மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். அவளுடைய வாப்பா ஓர் உணவகத்தில் பதினெட்டு வருடமாகச் 'சைனீஸ்' சமைப்பவர் என்பது எனக்கு இரண்டு நாட்களின் பின்னர்தான் தெரியவந்தது. (இதை அவளுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.)

அன்றிலிருந்து 'அசல்' என்ற சொல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு நாட்டின் சாப்பாடு இன்னொரு நாட்டுக்குப் போகும்போது என்ன நடக்கிறது? யார் அதை மாற்றுகிறார்கள்? ஏன் மாற்றுகிறார்கள்? மாறியதைச் சாப்பிட்டு ருசிப்பவருக்கு நாக்கு சரியில்லை என்று சொல்லலாமா? வாசித்தும் கேட்டும் நான் அறிந்துகொண்டவற்றை இங்கு எழுதுகிறேன்.

முதலில் என் நாக்கைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிடித்த பீட்ஸா, தடித்த அடியும் மேலே வழியும் சீஸும் சொசேஜ் துண்டுகளும் உள்ள பீட்ஸாதான். ஒரு தடவை கொழும்பில் 'இத்தாலியில் செய்வதைப் போலவே' என்று சொல்லித் தந்த பீட்ஸாவைச் சாப்பிட்டேன். ஓரம் ஆங்காங்கே கருகியிருந்தது. நடுப்பகுதி ஈரமாக இருந்தது. கையில் எடுத்தால் துவண்டு விழுந்தது. "இது வேகல்ல" என்றார் உம்மா. நானாவோ கண்ணை மூடிக்கொண்டு, "இதுதான் அசல்" என்றான். நான் தலையாட்டிவிட்டு, உள்ளுக்குள் உம்மாவின் கட்சியில் இருந்தேன்.

அது வேகாமல் இல்லை என்பதைப் பிறகுதான் அறிந்தேன். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் 1984 ஆம் ஆண்டு முதல் அசல் பீட்ஸாவைப் பாதுகாப்பதற்கென்றே ஒரு சங்கம் இயங்குகிறது. பீட்ஸாவின் விட்டம் 35 சென்ரிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. விறகு அடுப்பில் ஏறக்குறைய 485 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 60 முதல் 90 செக்கன்களுக்குள் வேக வேண்டும் என்றெல்லாம் விதிகள் உண்டு. 2010 இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பீட்ஸாவைப் பாரம்பரிய உணவாகப் பதிவு செய்தது. 2017 இல் யுனெஸ்கோ நிறுவனம் அதைச் செய்பவர்களின் கலையை உலக மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

இதில் எனக்குச் சுவையாகப் பட்டது விதி அல்ல, வெப்பம். நம் வீட்டு மின்சார அடுப்பு 250 பாகையைத் தாண்டுவதே கடினம். ஒன்றரை நிமிடத்தில் வேகும் மா வேறு. பத்து நிமிடம் வேகும் மா வேறு. பத்து நிமிடம் அடுப்பில் இருந்தால் நீர் வற்றி மா வறண்டு போகும். எனவே எண்ணெய் சேர்க்க வேண்டியிருக்கிறது. அடி தடிக்க வேண்டியிருக்கிறது. சீஸ் கூட வேண்டியிருக்கிறது. ஆக, நான் விரும்பும் பீட்ஸாவை யாரும் கெடுக்கவில்லை. அடுப்பு மாறியது, சாப்பாடும் மாறியது.

அடுப்பை விட வலிமையானவர் வாடிக்கையாளர். இதற்குச் சிக்கன் டிக்கா மசாலாவை விடச் சிறந்த உதாரணம் இல்லை. பெயரைக் கேட்டால் டில்லியிலோ லாஹூரிலோ பிறந்த கறி என்றுதான் தோன்றும். ஆனால் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 'ஷீஷ் மஹால்' என்ற உணவகத்தை நடத்திய அலி அஹமட் அஸ்லம் என்பவர், 1970களில் அதைத் தாம் உருவாக்கியதாகக் கூறினார். அவர் பாகிஸ்தானில் பிறந்தவர். சுட்ட கோழி காய்ந்து கிடக்கிறது, கொஞ்சம் குழம்பு இருந்தால் நல்லது என்று ஒரு வாடிக்கையாளர் சொல்ல, தக்காளி சூப்பும் மசாலாவும் சேர்த்துக் குழம்பாக்கிக் கொடுத்தாராம். வேறு சிலரும் இந்தப் பெருமைக்கு உரிமை கோருகிறார்கள். எப்படியோ, 2001 இல் பிரித்தானிய வெளிநாட்டமைச்சர் ரொபின் குக், இதுவே பிரித்தானியாவின் உண்மையான தேசிய உணவு என்று ஓர் உரையில் குறிப்பிடும் அளவுக்கு அது வளர்ந்துவிட்டது. அஸ்லம் 2022 டிசம்பரில் காலமானார்.

பிரித்தானியாவில் 'இந்தியன்' என்று பெயர்ப்பலகை போட்ட உணவகங்களுள் பெரும்பாலானவற்றை நடத்துபவர்கள் இந்தியர் அல்லர். பங்களாதேஷின் சில்ஹெட் பகுதியைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய மூத்த தலைமுறையில் பலர் கப்பல்களில் வேலை செய்யப் போய் அங்கே தங்கியவர்கள். அவர்களின் சமையலறை முறை வேடிக்கையானது. வெங்காயத்தைப் பெருமளவில் அவித்து அரைத்து ஒரு பொதுக் குழம்பை அண்டாவில் தயாராக வைத்திருப்பார்கள். ஆள் வந்து கேட்டதும் அதிலிருந்து ஓர் அகப்பை எடுத்து, க்ரீம் சேர்த்தால் ஒரு பெயர், மிளகாய்த்தூள் சேர்த்தால் இன்னொரு பெயர். காரம் ஏற ஏறப் பெயரும் மாறும். குர்மா என்றால் குழந்தைக்கு. 'மெட்ராஸ்' என்றால் கொஞ்சம் துணிந்தவருக்கு. விண்டாலூ என்றால் வீரருக்கு! சென்னையில் போய் 'மெட்ராஸ் கறி' கேட்டால் விழிப்பார்கள்.

விண்டாலூவின் கதை இன்னும் பரிதாபம். போர்த்துக்கேயர் இறைச்சியை வைனிலும் உள்ளியிலும் ஊறவைக்கும் ஒரு முறையைக் கோவாவுக்குக் கொண்டு வந்தார்கள். அங்கே அது வினாகிரியும் மசாலாவும் சேர்ந்த புளிப்பான பன்றி இறைச்சிக் கறியாயிற்று. இங்கிலாந்துக்குப் போனதும் புளிப்பு மங்கிக் காரம் மட்டும் மிஞ்சியது. பெயரின் கடைசியில் 'ஆலூ' என்று ஒலிப்பதால், ஹிந்தியில் அது உருளைக்கிழங்கு அல்லவா என்று கிழங்கையும் போட்டுவிட்டார்கள். நமது மிளகுத்தண்ணீருக்கும் இதே கதிதான். இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் அதை 'மல்லிகட்டோனி' ஆக்கி, இறைச்சி சேர்த்த கெட்டியான சூப்பாகச் சீமைக்குக் கொண்டு போனார்கள். தமிழ்ச் சொல்தான். ஆனால் அந்தக் கோப்பையை எங்கள் உம்மம்மாவின் முன்னால் வைத்தால் அடையாளம் காணமாட்டார்.

இங்கே ஒரு வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த என் சாச்சாவின் மகள், பதினான்கு வயது, டிசம்பர் விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். உம்மா அவளுக்கென்றே நாட்டுக்கோழி வாங்கி, ரம்பையும் கறுவாவும் வறுத்த கொத்தமல்லியும் போட்டுக் கறுப்பாகக் கறி வைத்தார். அவள் இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டு, "பெரியம்மா, இது கறியா?" என்று கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவளுக்குக் கறி என்றால் செம்மஞ்சள் நிறம், இனிப்பு, க்ரீம். உம்மா சிரித்துக்கொண்டார். ஆனால் அன்றிரவு பாத்திரம் கழுவும் சத்தம் வழமையை விடப் பலமாகக் கேட்டது.

நான்கு நாள் கழித்து அவளே சமைக்கக் கேட்டாள். தக்காளியும் தயிரும் டின் க்ரீமும் வாங்கிக் கொடுத்தோம். உம்மா சமையலறை வாசலிலேயே நின்றார். உதவிக்கா, காவலுக்கா என்று தெரியவில்லை. கடைசியில் ருசி பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் ஈக்கி. பாணோட திண்ணலாம்." உம்மாவிடமிருந்து அது பெரிய சான்றிதழ். சோற்றுக்கு அது சேராது என்பதில் அவர் இன்றுவரை உறுதியாக இருக்கிறார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அமெரிக்காவின் சீனச் சாப்பாட்டுக்கு வருவோம். அடுப்பையும் வாடிக்கையாளரையும் தவிர்த்து, சட்டமும் சமையலை மாற்றும் என்பதை அங்கேதான் கண்டேன். 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பொன் தேடியும் ரயில் பாதை போடவும் அங்கு போன சீனர்களில் மிகப் பெரும்பாலோர் தென்பகுதியான குவாங்டொங் மாகாணத்தவர். 1882 இல் சீனத் தொழிலாளர் நாட்டினுள் நுழைவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1943 வரை அது நீக்கப்படவில்லை. வர்த்தகர்களுக்கு மட்டும் விதிவிலக்கு இருந்தது. 1915 இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு உணவக உரிமையாளர்களையும் அந்த வர்த்தகர் வரிசையில் சேர்த்தது. உணவகம் வைத்தால் சீனாவுக்குப் போய் வரலாம், உறவினரை அழைத்து வரலாம். பிறகு என்ன? உணவகங்கள் பெருகின. சமையல் கற்றதால் உணவகம் வைத்தவர்கள் அல்லர் அவர்கள். குடும்பத்தோடு சேர வழி தேடி உணவகம் வைத்தவர்கள். கிடைத்த மரக்கறியும் இறைச்சியும் கலந்து வதக்கிய 'சொப் சூயி' அமெரிக்கர்களுக்குப் பைத்தியமாகப் பிடித்துப்போயிற்று. அந்தப் பெயரின் பொருளே பலதும் கலந்த துண்டுகள் என்பதுதான்.

இதை வாசித்தபோது வகுப்பில் நான் சொன்ன வாக்கியம் ஞாபகம் வந்தது. 'போலிச் சாப்பாடு' என்று நாம் எள்ளுவதற்குப் பின்னால் மனைவியைப் பிரிந்த ஒருவர், பிள்ளையைக் காணாத ஒருவர் இருந்திருக்கலாம்.

அமெரிக்கச் சீன உணவகங்களில் புகழ்பெற்ற மற்றொன்று 'ஜெனரல் சோ கோழி'. ஹூனான் மாகாணத்தில் பிறந்து தாய்வானில் குடியேறிய பெங் சாங்-குவெய் என்ற சமையற்கலைஞர் 1950களில் ஆக்கியது. அவருடைய கோழியில் புளிப்பும் உப்பும் காரமும் இருந்தன, இனிப்பு இல்லை. நியூயோர்க்கில் அதற்குச் சீனி ஏறியது. பெயருக்குரிய தளபதியான சுவோ சோங்தாங், 19 ஆம் நூற்றாண்டில் வடமேற்குச் சீனாவில் முஸ்லிம்களின் கிளர்ச்சியை அடக்கிய படைக்குத் தலைமை தாங்கியவர். இதை அறிந்த பிறகு அந்தக் கோழி எவ்வளவு இனித்தாலும் எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருக்கும்.

இனி, அசல் அசல் என்று பேசும் நாங்கள் எல்லோரும் மறந்துவிடும் ஒரு விடயம். நாம் முஸ்லிம்கள். பல நாடுகளின் அசல் உணவு நமக்கு ஹலால் இல்லை. சீனச் சமையலில் சோற்று வைன் ஊற்றுவது நாம் உப்புப் போடுவது போல. யாங்சோவ் நகரின் பேர்பெற்ற ப்ரைட் ரைஸில் பன்றித் தொடை இறைச்சி உண்டு. ஜப்பானியர் பல குழம்புகளில் மிரின் என்ற அரிசி மதுவைச் சேர்ப்பார்கள். ரோமாபுரியின் கார்பொனாரா, பன்றிக் கன்னத்து இறைச்சி, முட்டை, செம்மறிப்பால் சீஸ் ஆகியவற்றால் ஆவது. க்ரீம் அதில் இல்லவே இல்லை. நான் வீட்டில் செய்யும் கார்பொனாராவில் கோழியும் க்ரீமும்தான் உண்டு. ஓர் இத்தாலியர் கண்டால் இரண்டு காரணங்களுக்காக மயங்கி விழுவார். ஆனால் எனக்கு வேறு வழி இல்லை. அசலைத்தான் சாப்பிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் நானாவும் நானும் பட்டினிதான்!

அதற்காக, மாற்றிய உணவே நமக்கு விதி என்றும் நினைத்துவிடக் கூடாது. சீனாவிலேயே நூற்றாண்டுகளாக வாழும் ஹூய் முஸ்லிம்களுக்கு என்று அசலான ஹலால் சமையல் இருக்கிறது. கான்சு மாகாணத்தின் தலைநகர் லான்சோவ். (மேலே சொன்ன தளபதியின் படை நடந்த அதே பிரதேசம்.) அந்நகரின் மாட்டிறைச்சி நூடில்ஸ் சீனா முழுவதும் பிரசித்தம். மாவைக் கையாலேயே இழுத்து இழுத்து மடித்து நூலாக்குவார்கள். நல்ல கோப்பைக்கு ஐந்து அடையாளம் சொல்வார்கள்: சூப் தெளிவு, முள்ளங்கி வெள்ளை, மிளகாய் எண்ணெய் சிவப்பு, கொத்தமல்லி இலை பச்சை, நூடில்ஸ் மஞ்சள். அங்கே ஹலால் கடைகளின் பலகையில் 'சிங்சென்' என்று இரண்டு சீன எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்துக்குத் தூய்மை என்றும் இரண்டாவதற்கு உண்மை என்றும் பொருள். அசல் எது என்று தேடிக்கொண்டிருந்த எனக்கு, ஹலால் என்பதையே 'உண்மை' என்று எழுதும் ஒரு மொழி இருப்பது மகிழ்ச்சியாக இருந்தது. ஒரு நாள் அந்த நூடில்ஸைச் சாப்பிட வேண்டும், இன்ஷா அல்லாஹ்.

வேறொன்றும் உண்டு. 'சீனச் சாப்பாடு' என்று ஒன்று சீனாவிலேயே இல்லை. சிச்சுவானில் நாக்கு மரத்துப்போகும் காரம். குவாங்டொங்கில் மெல்லிய சுவை. வடமேற்கில் கோதுமையும் ஆட்டிறைச்சியும் சீரகமும். வகுப்பில் நான் 'உண்மையான சைனீஸ்' என்று சொன்னபோது, எந்தச் சீனாவைச் சொன்னேன் என்று கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது.

நம் வீட்டுச் சட்டியையும் கொஞ்சம் பார்க்கலாம். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கேயர் வழியாக ஆசியாவுக்கு வந்தது. அதற்கு முன் நமக்குக் காரம் என்றால் மிளகு. தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்தே வந்தது. பெருநாளில் வட்டிலப்பம் இல்லாத முஸ்லிம் வீடு இல்லை. அதையோ ஒல்லாந்தர் காலத்தில் இங்கு வந்த மலாயரோடு சேர்த்தே பெரும்பாலும் கூறுவார்கள். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் தேங்காய்ப்பால், முட்டை, சீனி சேர்த்து 'ஸ்ரீகாயா' செய்கிறார்கள். நம்முடையதில் கித்துள் கருப்பட்டி சேர்ந்து நிறமும் மணமும் மாறியிருக்கிறது. ஒரு மலேசியப் பெண் இதைச் சாப்பிட்டுவிட்டு "இது அசல் இல்லை" என்றால், உம்மம்மா அவளை இரண்டாம் கிண்ணம் கொடுக்காமலே அனுப்பிவிடுவார்.

இதையெல்லாம் வாசித்து மாற்றம் எல்லாம் நல்லது என்று நான் முடிவு செய்யவில்லை. எல்லா நாட்டுச் சமையலையும் சீனியிலும் சீஸிலும் முக்கி எடுத்து ஒரே சுவையாக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. அண்மையில் ஒரு விருந்தில் 'அரேபியன் ரைஸ்' என்று ஒரு சோறு வைத்தார்கள். கலர் போட்டு, தக்காளி சோஸும் மயோனைஸும் மேலே கோடு கோடாக ஊற்றியிருந்தது. அரபு நாட்டில் எட்டு வருடம் இருந்த மாமா சிரித்தபடி, அங்கே இறைச்சி வெந்த நீரிலேயே அரிசியை வேகவைத்து எடுத்தால் இவ்வளவு அலங்காரம் தேவைப்படாது என்றார். சமைப்பவர் காரணத்தோடு மாற்றியதை நாக்கு கண்டுபிடித்துவிடும் என்று நினைக்கிறேன். காரணம் இல்லாமல் மூடி மறைத்ததையும் கண்டுபிடித்துவிடும்.

ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையில் அந்தத் தோழியின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வாய் வரவில்லை. பதிலாக, ப்ரைட் ரைஸ் எப்படிச் செய்வது என்று அவளுடைய வாப்பாவிடம் கேட்டேன். அவர் உற்சாகமாகிவிட்டார். சோறு முதல் நாளே ஆக்கி ஆறவைக்க வேண்டும். புதுச் சோற்றில் ஈரம் அதிகம், தாச்சியில் குழைந்துவிடும். ஒரு நாள் ஆறினால் மணி இறுகித் தனித்தனியாக உதிரும். நெருப்பு வீட்டு அடுப்பைப் போலப் பல மடங்கு இருக்க வேண்டும். தாச்சி புகைந்த பிறகுதான் எண்ணெய். முட்டை, பின் கரட், கோவா, சோறு, கடைசியில் லீக்ஸ். எல்லாம் மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டும். அந்தப் புகை மணம் இல்லாவிட்டால் அது வெறும் கலவைச் சோறு என்றார்.

நான் பார்த்த காணொளியிலும் இதையே சொன்னார்கள். சீனாக்காரர் சிரிப்பார் என்று நான் சொன்ன சமையல்காரருக்கு, சீனாக்காரர் முக்கியம் என்று கருதும் அதே விடயம் தெரிந்திருந்தது.

யாரிடம் பழகினார் என்று கேட்டேன். பதினாறு வயதில் கொழும்பில் ஒரு சீனக் குடும்பத்தின் உணவகத்தில் பாத்திரம் கழுவப் போனாராம். "சில்லி பேஸ்ட்டக் கூட்டச் சொன்னதே அந்தச் சீன முதலாளிதான் மகள். 'இங்க ஆக்களுக்கு உறைப்பு இல்லாட்டி சாப்பாடே இல்ல' எண்டு சொல்லுவார். சீனாவுக்கு நான் போனதில்ல. இந்தக் கடைக்கு வாற ஆளுக்கு என்ன வேணும் எண்டு மட்டும் தெரியும்." பிறகு, முதலாளி தமக்கென்று சமைக்கும்போது என்ன செய்வார் என்றும் சொன்னார்: வெள்ளைச் சோறு, இஞ்சி போட்டு ஆவியில் அவித்த மீன், கொஞ்சம் கீரை. அதைக் கடையில் யாரும் கேட்டதே இல்லையாம்.

இந்தக் கட்டுரையை முதலில் அந்தத் தோழியிடம்தான் வாசிக்கக் கொடுத்தேன். நெடுநேரம் வாசித்தாள். அன்று பெட்டியை மூடி வைத்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "லீக்ஸ் கடைசி, கோவா அதுக்கு முன்னுக்கு. நீ மாத்தி எழுதியிருக்கிறாய்" என்று பேனையால் கோடு போட்டுத் தந்தாள். மேலே திருத்திவிட்டேன்.